பைத்தான் ட்ரேஸ்பேக்கைப் படிக்கும்படி ஆக்குவது

நிரல் பிழையில் நின்றால் பைத்தான் காட்டும் பிழை அறிக்கைதான் ட்ரேஸ்பேக். அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பிழையின் வகையும் காரணமும் அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே நூலகக் கோப்புகளின் வரிகளைத் தாண்டி, உங்கள் கோப்பின் பெயர் முதலில் தென்படும் இடத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பைத்தானின் பழைய பதிப்பில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 3.11 முதல், வரியில் எந்தத் துண்டு உடைந்தது என்று அடியில் குறியிட்டுக் காட்டும். ஒரே வரியில் நான்கு அடைப்புக்குறி இருந்தால் இதன் அருமை தெரியும். 3.13-இல் வண்ணமும் தானாகவே வரும்.

இனி, நீங்கள் எழுதும் குறியீடு. எக்செப்ஷனை, அதாவது ஓடும்போது எழும் பிழையை, பிடித்து வெறுமனே பிரிண்ட் செய்யாதீர்கள். அகராதியில் இல்லாத சாவியைக் கேட்டால் வரும் கீ எரர் (KeyError) என்றால் விடுபட்ட சாவியின் பெயர் மட்டும் அச்சாகும். வகையும் தெரியாது, வரி எண்ணும் தெரியாது. பதிலாக லாகிங் தொகுதியின் எக்செப்ஷன் செயற்கூறை (logging.exception) அழையுங்கள், முழு ட்ரேஸ்பேக்கும் பதிவாகும்.

பிடித்த பிழையை வேறு பிழையாக மாற்றி எழுப்பும்போது (raise) கடைசியில் ஃப்ரம் (from) சேர்த்து மூலப் பிழையைக் கொடுங்கள். சேர்க்காவிட்டால், பிழையைக் கையாளும்போதே இன்னொன்று நேர்ந்தது என்று பைத்தான் சொல்லும். படிப்பவர் உங்கள் கையாளும் பகுதியே உடைந்ததாக நினைப்பார். ஃப்ரம் நன் (from None) என்று எழுதினால் அது மூலப் பிழையை மறைத்துவிடும். அதை அரிதாகவே தொடுங்கள்.

நீங்கள் எழுதும் பிழைச் செய்தியில், நிரலுக்குக் கிடைத்த மதிப்பையும் காட்டுங்கள். மாறியின் மதிப்பை உள்ளே பொதிக்கும் சரமான எஃப்-ஸ்ட்ரிங்கில், மாறியின் பெயரை அடுத்து ஆச்சரியக்குறியும் ஆர் எழுத்தும் (!r) போட்டால் சரங்கள் மேற்கோள் குறிகளோடு வரும். சரத்தின் முடிவில் ஒட்டிய இடைவெளி, எண்ணுக்குப் பதில் வந்த சரம், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.