போர்டு ஆவதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்: நகராட்சி பென்ஷனில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் பலருக்கு மாநகராட்சி வேலை என்பது தாத்தா காலத்திலிருந்து வருவது. 'கார்ப்பரேஷன்' இந்திய ஊழியர்கள் குடும்பத்தோடு மேகசின் பாரக்ஸில் இருந்தார்கள். 1960களில் அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கான புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் குப்பை வண்டி, பூங்கா, சாலை, மின்சாரம், தண்ணீர் என்று ஏதாவது ஒரு பிரிவில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு சாட்ஸ்வொர்த்தில் குறைவு. ஆனாலும் பென்ஷன் விதியைப் பற்றி வீட்டில் பேச்சு எழுவது, சம்பாதித்தவர் படுக்கையில் விழுந்த பிறகுதான்.

என் தாய்மாமா ஒரு நகராட்சியில் லாரி ஓட்டினார். சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இனி ஓட்ட முடியாது என்றானதும், கூட வேலை செய்த ஒருவர், "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருங்கண்ணே, காசு சீக்கிரம் கைக்கு வரும்" என்று சொல்லியிருக்கிறார். மாமா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர்தான், "உங்களை போர்டு பண்ணியிருப்பார்களே" என்றார். போர்டு பண்ணுவது என்றால், உடம்பு முடியாதவரைப் பென்ஷனோடு உடல்நல ஓய்வில் அனுப்புவது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் நான் இந்த விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அவர்கள் வீட்டுக் காகிதங்களை உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். அப்படிப் பார்த்த காகிதங்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழுவைப் பற்றி. பென்ஷன் பணம் நகராட்சியின் கையில் இல்லை. அது ஒரு தனி நிதி. அதை டிரஸ்டிகள் குழு நடத்துகிறது. 1956-ஆம் ஆண்டின் பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டப்படி அந்தக் குழுவில் பாதிப் பேரையாவது தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. உடல்நலக் குறைவால் ஓய்வு கேட்கும் விண்ணப்பங்களும் இறப்புப் பண விண்ணப்பங்களும் இந்தக் குழுவுக்கோ அதன் துணைக்குழுவுக்கோ போகின்றன. கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு கோப்பு தயாராகும். மருத்துவ அறிக்கை, வேலை விவரம், மேலாளரின் குறிப்பு, நிதியின் ஆலோசக மருத்துவர் சொல்லும் கருத்து எல்லாம் அதில் இருக்கும். உங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு தாள் குறைந்தால் விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அது ஒரு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம்.

மாமா செய்ததைப் போல முன்கூட்டியே ராஜினாமா செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உடல்நல ஓய்வு என்பது வேலையில் இருக்கும் உறுப்பினருக்கு உரியது. வேலையை விட்டுவிட்டால் நீங்கள் 'விலகியவர்'. விலகியவருக்குக் கிடைப்பது விலகல் தொகை மட்டும். மாதாமாதம் வரும் உடல்நல ஓய்வூதியம் அதோடு போயிற்று. வரியும் வேறு. 2023 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையின்படி, ஓய்வு பெறும்போது கையில் வாங்கும் மொத்தத் தொகையில் முதல் 550,000 ராண்டுக்கு வரி கிடையாது. விலகி வாங்கினால் முதல் 27,500 ராண்டுக்கு மட்டும்தான் வரி இல்லை, அதற்கு மேல் 726,000 வரைக்கும் 18 சதவீதம். இதற்கு முன் எந்தத் தொகையும் எடுக்காத ஒருவர் 500,000 ராண்ட் கையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். உடல்நல ஓய்வு என்றால் வரி இல்லை. ராஜினாமா என்றால் 85,050 ராண்ட் வரிக்குப் போய்விடும். ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே தொகை. மேசையில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். ஆகவே யார் என்ன சொன்னாலும், விண்ணப்பம் குழுவுக்குப் போய் எழுத்தில் பதில் வரும் வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். நோய் விடுப்பு தீரும் வரை காத்திருப்பதும் ஆபத்துதான். விடுப்பு தீர்ந்து சம்பளம் நின்ற பிறகுதான் பலர் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நாட்கள் மிச்சம் இருக்கும்போதே எச்.ஆர். அலுவலகத்தில் பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்தது, தவறான கதவைத் தட்டுவது. "டிசபிலிட்டி" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வேலை செய்யும்போது அடிபட்டாலோ, வேலையால் நோய் வந்தாலோ அது வேலைக் காயத்துக்கும் நோய்க்கும் இழப்பீடு தரும் 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம், 'கொய்டா' என்று எல்லோரும் சொல்வது. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய் என்றால் பென்ஷன் நிதியின் போர்டிங். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை வேறு, அதற்குப் போக வேண்டியது சாசா என்ற அரசு உதவித்தொகை அலுவலகம். அப்புறம் ஜி.இ.பி.எஃப். அது ஆசிரியர்கள், அரசு மருத்துவமனை நர்ஸ்கள் போன்ற அரசு ஊழியர்களுக்கான நிதி. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஆசிரியராக இருக்கும் மகள் தன் நிதியின் விதியை வைத்துக்கொண்டு, பூங்காவில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஆலோசனை சொல்வதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அவள் அக்கறையோடுதான் சொல்கிறாள். ஆனால் அந்த விதி அப்பாவுக்குப் பொருந்தாது. ஒரே நகராட்சியில் வேலை செய்யும் இரண்டு பேர்கூட வேறு வேறு நிதியில் இருக்கலாம். சம்பளச் சீட்டில் எந்த நிதிக்குப் பணம் பிடிக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நிதியின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விதியில் ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாகாணத்திலேயே சாட்சி இருக்கிறது. ஓர் ஊழியர் ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதால் நகராட்சி கூடுதலாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று நேட்டால் கூட்டு நகராட்சி பென்ஷன் நிதிக்கும் எண்டுமேனி நகராட்சிக்கும் வழக்கு வந்தது. 2012-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதப்பட்ட விதியை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்த நாட்டு வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சரி, கொய்டாவுக்கு வருவோம். முதுகில் பிடித்துக்கொண்டது, கை நசுங்கியது, ஏணியிலிருந்து விழுந்தது... நம்மவர்கள் வீட்டுக்குப் போய்த் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். "சின்ன அடிதானே" என்பார்கள். இரண்டு வருடம் கழித்து முதுகு மொத்தமாகப் போகும்போது, அது வேலையில் பட்ட அடி என்று காட்ட ஒரு வரி எழுத்து இருக்காது. அடிபட்ட அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதச் செய்து, யார் பார்த்தார்கள் என்று பெயரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கிடைத்த 7 நாளுக்குள் முதலாளி விபத்தைத் தெரிவிக்க வேண்டும். தொழில் நோய் என்றால் 14 நாள். முதலாளி நிரப்புவது டபிள்யூ.சிஎல்.2 படிவம், மருத்துவர் முதலில் தருவது டபிள்யூ.சிஎல்.4. இரண்டுக்கும் ஒவ்வொரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். முதல் 3 மாதத்துக்கு அதை முதலாளி கொடுக்க வேண்டும். நிரந்தரப் பாதிப்பு 30 சதவீதம் வரை என்றால் ஒரே தொகையாகத் தருவார்கள், அதற்கு மேல் போனால் மாதப் பென்ஷன். முடிவு சரியில்லை என்று தோன்றினால் 180 நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

மருத்துவரின் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டிங் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. குடும்ப மருத்துவர் நல்ல மனதோடு இரண்டு வரி எழுதித் தருவார்: "இவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி. வேலைக்குத் தகுதியில்லை." குழுவுக்கு இது போதாது. அவர்கள் கேட்பது நோயின் பெயரை அல்ல. இந்த நோயோடு இவர் தன் வேலையில் எதைச் செய்ய முடியாது? மருந்தும் சிகிச்சையும் முழுசாகக் கொடுத்துப் பார்த்தாயிற்றா? இது மாறாத நிலைதானா? இவருக்கு வேறு இலகுவான வேலை கொடுக்க முடியாதா? இந்தக் கேள்விகளுக்குத்தான் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். லாரி ஓட்டுநருக்குப் பார்வை போனால் ஓட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கலாமே என்று குழு கேட்கும். அந்தக் கேள்வியை நகராட்சியும் கேட்டாக வேண்டும். மாற்று வேலை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரை உடல்நலக் காரணத்தால் அனுப்புவது நியாயமான நடைமுறை ஆகாது. "மாற்று வேலை தேடினோம், இல்லை" என்று நகராட்சி எழுத்தில் தந்தால் உங்கள் கோப்பு பலப்படும்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது வேலை விவரத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். காலை 4 மணிக்கு எழுந்திருக்கிறேன், ஒரு நாளைக்கு இத்தனை தடவை வண்டியில் ஏறி இறங்குகிறேன், இவ்வளவு எடை தூக்குகிறேன் என்று நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சிறப்பு மருத்துவரின் அறிக்கையும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் செயல்திறன் மதிப்பீடும் கிடைத்தால் இன்னும் நல்லது. மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கிளினிக் அட்டையில் விட்டுப்போன தேதிகளை ஆலோசக மருத்துவர் கட்டாயம் பார்ப்பார். போர்டு ஆன பிறகும் சில நிதிகள் அவ்வப்போது மறுபரிசோதனைக்குக் கூப்பிடும். அந்தக் கடிதத்தை அலமாரியில் போட்டு வைத்துவிட்டால் பென்ஷன் நின்றுபோகலாம்.

இறப்புப் பணத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு பயம் உண்டு. கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் ஆயிற்று, ஆனால் அரசாங்கத்தில் பதிவு செய்யவில்லை. "அப்போ நான் மனைவி இல்லையா?" என்று கேட்டு அழுத அக்காவை எனக்குத் தெரியும். பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தில் துணைவர் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, ஒரு மதத்தின் நெறிப்படி நடந்த திருமணமும் அடங்கும். அதைக் காட்டத்தான் சான்று வேண்டும். குருக்களின் கடிதம், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, இருவர் பெயரிலும் ஒரே முகவரிக்கு வந்த பில்கள், உறவினர் தரும் பிரமாணப் பத்திரம் எல்லாம் உதவும்.

வாரிசுப் படிவத்தில் பெயர் எழுதிவிட்டால் பணம் அந்தப் பெயருக்கே போகும் என்று நினைப்பது இன்னொரு தவறு. சட்டத்தின் 37-சி பிரிவுப்படி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று குழு தேட வேண்டும். மனைவி, எந்த வயதுப் பிள்ளையானாலும் பிள்ளைகள், அவர் காசில் வாழ்ந்த அம்மா எல்லோரையும் பார்த்து, நியாயமாகப் பங்கிட வேண்டும். படிவமும் உயிலும் அந்தப் பங்கீட்டில் கவனிக்கப்படும், கட்டளையாகாது. அதனால்தான் இறப்புப் பணம் வரத் தாமதமாகிறது. ஆனால் நிதிக்கு வெளியே ஊழியர்களுக்குக் கூட்டாக எடுத்த ஆயுள் காப்பீடு ('குரூப் லைஃப்') இருந்தால், அதற்கு 37-சி பொருந்தாது. அதில் எழுதிய பெயருக்கே பணம் போகும். முதல் கல்யாணத்தின்போது நிரப்பிய தாள் அப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு படிவத்தையும் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். விவாகரத்து ஆனவர்கள் நீதிமன்ற உத்தரவில் நிதியின் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெறுமனே "அவருடைய பென்ஷன்" என்று எழுதியிருந்தால் நிதி பணம் தராமல் திருப்பி அனுப்பிவிடும்.

பெயர் எழுத்து. பிள்ளை என்ற குடும்பப் பெயரை ஓரிடத்தில் பில்லே என்றும் இன்னோரிடத்தில் பில்லாய் என்றும் எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். அடையாள அட்டை, நிதியின் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துத் திருத்துங்கள். ஓய்வுக்கு அப்புறம், அடையாள அட்டை தரும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலக வரிசையில் நிற்கும் தெம்பு இருக்காது.

2024 செப்டம்பர் 1 முதல் வந்த இரண்டு பானை முறையில், நீங்கள் கட்டும் பணம் இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதி, ஓய்வு வரை தொடக்கூடாத பகுதி என்று பிரியும். சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுக்கும் தொகைக்கு உங்கள் சம்பள வரி விகிதமே விழும். தீபாவளிச் செலவுக்கு அதை எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, மறுப்புக் கடிதம் வந்தால் மனம் உடைந்து விட்டுவிடுவது. முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு நிதிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, பிரிட்டோரியாவில், பென்ஷன் நிதிகள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. உங்கள் நிதி அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜி.இ.பி.எஃப். புகார்கள் அங்கே போகாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பது விதி. மாமாவின் காகிதங்களை நான் எடுத்துப் பார்த்தபோது, நிதியிலிருந்து வந்த கடிதம் ஒன்று உறை பிரிக்காமலே கிடந்தது. அஞ்சல் முத்திரையில் தேதி அழிந்துபோயிருந்தது. அதனால் இப்போது யார் வீட்டுக்குக் காகிதம் பார்க்கப் போனாலும், வந்த தேதியை உறையின் மேல் பேனாவால் பெரிதாக எழுதிவிட்டுத்தான் உள்ளே இருப்பதைப் படிக்கிறேன்.