எண் போட்ட பிரிண்டும் குமரி மாவட்டத்து ஈரமும்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் அன்றைக்கே கொச்சியில் இறங்கிவிடலாம். 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பும்போது பலருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: அங்கே பார்த்த கலைஞர்களுடைய புது வேலை ஒன்றை நம் வீட்டில் மாட்ட முடியுமா?

முடியும். பெயர் பெற்ற ஓவியரின் கேன்வாஸ் எட்டாத விலையில் இருக்கலாம். இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து அச்சடித்து (அந்தத் தொகுதிக்கு எடிஷன் என்று பெயர்), அவரே கையெழுத்திட்டு எண் போட்ட பிரிண்ட் பெரும்பாலும் எட்டிவிடும். ஆனால் பிரிண்ட் என்பது காகிதம். மொத்தம் எத்தனை பிரதி, இந்தப் பிரதி என்ன நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் அதன் மதிப்பு. முதலாவதற்கு விற்பவர் பொறுப்பு, இரண்டாவதற்கு உங்கள் சுவர் பொறுப்பு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற ஊரில் சுவர்தான் பெரிய வேலை.

எங்கே, யாரிடம்

பினாலே விற்பனைச் சந்தை அல்ல. அங்கே பிடித்துப்போன வேலைக்கு விலை கேட்டுப் பயனில்லை. விளக்கப் பலகையில் இருக்கும் கலைஞர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரை எந்த கேலரி கையாளுகிறது என்று தேடி நேரடியாக எழுதுங்கள். "உங்களிடம் இவருடைய காகித வேலைகள், எடிஷன் பிரிண்ட்கள் என்ன இருக்கின்றன? அளவு, எண்ணிக்கை, விலை அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் போதும். பட்டியல் அனுப்புவது அவர்களுக்கு வழக்கமான வேலைதான், கூச்சம் வேண்டாம்.

கையில் பணம் குறைவு என்றால் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிகளுக்குப் போங்கள். திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை, கும்பகோணம் கல்லூரிகளும் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் பிரிண்ட் போடுகிறவர்களுக்கென்றே பட்டறை இருக்கிறது. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னையை ஒட்டித் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கலைஞர்களையே பார்த்துப் பேசி வாங்கலாம்.

யாருடையதை வாங்குவது என்பது உங்கள் ருசி. ஒரு பாகுபாடு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிரிண்ட்டையே தன் ஊடகமாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்: தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், தெலங்கானாவின் லக்ஷ்மா கௌட் போன்றவர்கள். இவர்களுடைய எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து எடுக்கும் அச்சு) வேறெந்த ஓவியத்துக்கும் நகல் அல்ல, தகட்டில் பிறந்த மூல வேலை அதுதான். ஓவியர் தோட்டா வைகுண்டத்தின் பெயரில் வரும் செரிகிராஃப் போன்றவை நடுத்தரம்: ஓவியத்தை வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை செய்து, மையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எடுப்பது. மூன்றாவது, கேன்வாஸைப் படமெடுத்து இங்க்ஜெட்டில் அடித்து ஓவியர் கையெழுத்துப் போட்டுத் தருவது. இதற்கு ஜிக்ளே என்று அழகாகப் பெயர் சொல்வார்கள். நல்ல காகிதம், பிக்மென்ட் மை என்றால் நிறம் நிற்கும், ஏமாற்று வேலை அல்ல. ஆனாலும் ஒரே தொகைக்குப் பெரிய பெயரின் இங்க்ஜெட்டும் அவ்வளவாகத் தெரியாத ஒருவரின் கைப்பட எடுத்த எட்சிங்கும் கிடைத்தால், எட்சிங்கை எடுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்

படத்தின் கீழே இடது மூலையில் 12/50 என்று பென்சிலில் இருக்கும், ஐம்பதில் பன்னிரண்டாவது. நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்தும் ஆண்டும். இந்த ஐம்பதை அப்படியே நம்பக் கூடாது. எடிஷனுக்கு வெளியே ஏ.பி. என்று குறித்த கலைஞர் பிரதிகள் இருக்கும், வழக்கமாக எடிஷனில் பத்து சதவீதம். அச்சடித்தவருக்கு பி.பி., விற்பனைக்கல்லாத ஹெச்.சி. என்று வேறு சில. 50 + 5 + 2 + 3 என்றால் உண்மையில் 60. இது தப்பில்லை, சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான கேள்வி, இதே படம் வேறு அளவிலோ வேறு நிறத்திலோ வேறு காகிதத்திலோ வெளிவந்திருக்கிறதா, இனி வருமா என்பது. பெரிய அளவில் 50 போட்டுவிட்டு, சிறிய அளவில் 200 போடுவார்கள். ஒவ்வொன்றிலும் எண் சரியாகத்தான் இருக்கும். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எட்சிங், வுட்கட் என்றால் எடிஷன் முடிந்ததும் தகட்டையோ கட்டையையோ கீறி ரத்து செய்தார்களா என்றும் கேளுங்கள்.

இணையத்தில் "24 மணி நேரம் மட்டும்" என்று விற்கும் எடிஷன்களில், அந்த நேரத்துக்குள் எத்தனை பேர் வாங்கினார்களோ அத்தனை பிரதி. அவசரம் விளம்பரத்தில் இருக்கிறது, அரிது என்பது பொருளில் இல்லை. பிடித்தால் வாங்குங்கள், விலை ஏறும் என்று வாங்காதீர்கள்.

1/50-க்கு 43/50-ஐவிடக் கூடுதல் கேட்டால் கொடுக்க வேண்டாம். பெரும்பாலான முறைகளில் எண்ணுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை, அச்சடித்த வரிசையிலேயே எண் போடுவதும் இல்லை. ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறி எடுக்கும் ட்ரைபாயிண்ட் போன்ற சில முறைகள் விதிவிலக்கு. தகட்டில் ஊசி கிளப்பிய உலோகப் பிசிறுதான் ட்ரைபாயிண்ட்டின் பட்டுப்போன்ற கருமையைத் தருகிறது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் தேயும். அங்கே முதல் பிரதிகள் உண்மையிலேயே மேல்.

லென்ஸும் சாய்ந்த வெளிச்சமும்

நகைக்கடைக்காரர் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ரோஜாப்பூ வட்டம்போல ஒழுங்காக அமைந்திருந்தால் அது ஆஃப்செட், அதாவது போஸ்டர். ஒழுங்கில்லாமல் தூவிய நுண்துளி என்றால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் ஒரே நிறம் தட்டையாக, ஓரம் லேசாக மேடு தட்டி நின்றால் செரிகிராஃப். எட்சிங்கில் கோடு காகிதத்துக்கு மேலே எழுந்து நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் தெரியும். ஆனால் பள்ளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வெறும் தகட்டை வைத்து அழுத்தியும் அதை உண்டாக்கலாம்.

கையெழுத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சில் என்றால் கரி மினுங்கும், காகிதம் லேசாகக் குழிந்திருக்கும். அச்சான கையெழுத்தில் லென்ஸுக்குப் புள்ளி தெரிந்துவிடும். பின்பக்கத்தைக் காட்ட மறுக்கும் ஆளிடம் வாங்கவே வேண்டாம். டேப் கறை, பழுப்புப் புள்ளி, அலையடித்த ஓரம், மார்ஜினை வெட்டிய அடையாளம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பில்லில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, முறை, காகித அளவு, பட அளவு, பிரதி எண், கையெழுத்து இருக்கும் இடம் எல்லாம் வர வேண்டும். "ஆர்ட் பிரிண்ட் – 1" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். மூல ஓவியம், மூல எட்சிங், லித்தோகிராஃப் (கல்லச்சு) வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்குமுன் 12. பழைய விகிதத்தில் விலைப்பட்டியல் வந்தால் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் வழி

அரை முழத்துக்குள் அடங்கும் பிரிண்ட் என்றால் தட்டையாகவே கொண்டுவரலாம். கிளாசைன் என்ற மெல்லிய வழவழப்பான தாளில் பொதிந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். அட்டையின் வரிகள் ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு என இருந்தால் மடங்காது. சுருட்டி வருவதாக இருந்தால் குழாயின் விட்டம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தடித்த மை உள்ள செரிகிராஃபைச் சுருட்டினால் மை வெடிக்கும். அதற்கு இன்னும் அகலமான குழாய் வேண்டும்.

கூரியர் வந்ததும் பிரிக்காதீர்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வந்த காகிதம் நம் ஊர் ஈரத்தை ஒரேயடியாகக் குடித்து அலையடிக்கும். ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும். பிறகு வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையால் மார்ஜினைத் தொட்டால் அந்த விரல் தடம் ஒரு வருடத்தில் மஞ்சளாக எழும்பி வரும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

ஃபிரேம் கடையில் சொல்ல வேண்டியது

சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் ஃபிரேம் போடும் கடைதான் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வழக்கம்: படத்தின்மேல் நேரடியாகக் கண்ணாடி, பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றிலும் ஆணி, பழுப்பு டேப். மூன்று மழைக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், ஹார்ட்போர்டின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், சிதல் பின்பக்கமாக ஏறும். கடைக்காரர்மேல் குற்றம் இல்லை, அவரிடம் யாரும் வேறுவிதமாகக் கேட்டதில்லை. பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று செய்துவாங்குங்கள்.

முன்னாலிருந்து பின்னால் அடுக்கு இப்படி: கண்ணாடி அல்லது அக்ரிலிக், அமிலமில்லாத மவுண்ட் போர்டில் (தடித்த அட்டையில்) படம் தெரியும்படி வெட்டிய சாளரம், பிரிண்ட், மறுபடி அமிலமில்லாத முழு போர்டு, பாலியெஸ்டர் தாள் ஒன்று, கடைசியில் உள்ளே வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் பலகை. சாளர அட்டையின் தடிமன்தான் காகிதத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்து வைக்கிறது. மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், சாதாரண அட்டை ஒன்று அந்தத் தடிமன் வராது என்பதால், வரும்வரை அடுக்காகப் போடச் சொல்லுங்கள். சாளரம் கையெழுத்தையும் எண்ணையும் மறைக்கக் கூடாது. கரி, பேஸ்டல் வேலைக்கு அக்ரிலிக் ஆகாது, அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துவிடும்.

பிரிண்ட்டை போர்டில் ஒட்டும் விதம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபெவிகால், செலோ டேப், இரண்டு பக்க டேப் மூன்றும் கூடாது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள்போல மைதா காய்ச்சி மயில்துத்தம் போடுவதும் கூடாது. பூச்சி வராது, ஆனால் அதிலுள்ள செம்பு காகிதத்தைத் தின்னும். ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சிறு துண்டுகள், கோதுமை ஸ்டார்ச் பசை, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில். கீழ்ப்பக்கமும் பக்கவாட்டும் சும்மா தொங்க வேண்டும். மழையில் காகிதம் விரியும், கோடையில் சுருங்கும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் உப்பும். துண்டுக் காகிதம் பிரிண்ட்டைவிட மெல்லியதாக இருக்கட்டும். ஃபிரேம் விழுந்தால் அது கிழியட்டும், படம் கிழிய வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஃபிரேமுக்குள் வைக்கச் சொல்வார்கள். நம் ஊரில் சில நாளிலேயே அது நிறைந்துவிடும், பிறகு வெறும் பொட்டலம். மூடி இறுகிய பெட்டியில் வைத்திருக்கும் பிரிண்ட்களுக்கு மட்டும் பயன். நிறம் மாறியதும் எடுத்து ஓவனில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். நாஃப்தலீன் உருண்டை எங்கேயும் வேண்டாம்.

எந்தச் சுவர்

தென்மேற்குக் காற்று சாரலோடு அறையும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், அடுப்படி, விளக்கும் சாம்பிராணியும் புகையும் பூஜை அறை எல்லாம் விலக்கு. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய வெட்டுக்கல் வீடுகளில் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அங்கே உள்சுவரில், இடுப்புக்கு நல்ல உயரத்தில் மாட்டுங்கள். புதுப்பூச்சு என்றால் ஒரு மழைக்காலம் கழியட்டும். நேர் வெயில் படும் இடம் வேண்டவே வேண்டாம். யுவி தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளிச்சமே நிறத்தை மங்கச் செய்யும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு இரண்டு ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக விடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் சாதாரண ஆணி உப்புக்காற்றில் கரைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ இரண்டு போடுங்கள்.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்று அறையில் இருக்கட்டும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி. ஏசியை இரவில் போட்டுப் பகலில் அணைப்பதைவிட, மின்விசிறியும் திறந்த ஜன்னலும் காகிதத்துக்கு நல்லது. அதற்கு ஏற்ற இறக்கம்தான் பகை. மழைக்காலம் முடிந்ததும் ஃபிரேமை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள்: சிதல் மண், பாச்சை முட்டை, இராமபாணப் பூச்சி. கண்ணாடிக்குள் பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள். மற்ற படங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டத்தில் உலரவைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வினைல் பொம்மைகள்

காஸ் (KAWS), முரகாமி போன்ற கலைஞர்களின் வினைல் பொம்மைகளைச் சேகரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி இல்லாவிட்டால் விலை இறங்கிவிடும், பெட்டியும் காகிதம்தான். வினைல் வெப்பத்தில் பிசுபிசுக்கும், அச்சிட்ட பரப்போடு ஒட்டினால் மை பொம்மையில் ஏறும். இடையில் பாலியெஸ்டர் தாள் வையுங்கள், ஓட்டுக்கூரைக்குக் கீழே மச்சில் வைக்காதீர்கள்.

வாங்கியவருக்கு என்ன உரிமை

பொருள் உங்களுடையது, படத்தின் காப்புரிமை கலைஞருடையது. 1957 சட்டப்படி அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு. கடைக் காலண்டரிலோ டி-ஷர்ட்டிலோ அச்சடிக்க அனுமதி வேண்டும். வீட்டில் மாட்டுவதற்கும் விற்பதற்கும் வேண்டாம். விற்க நினைத்தால் முதலில் வாங்கிய கேலரியிடமே கேளுங்கள். பில், சான்றிதழ், எண்ணிக்கை குறித்த மின்னஞ்சல், வாங்கியபோது எடுத்த முன்பக்க, பின்பக்கப் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வாங்க வருகிறவர் விவரம் தெரிந்தவர் என்றால் ஃபிரேமைக் கழற்றச் சொல்லி, எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் தொகை சொல்வார்.