ஒற்றைத் தலைவலி மருந்துச் சோதனையில் சேருமுன்

சிங்கப்பூர் வந்த முதல் வருடம் எனக்கு ஒற்றைத் தலைவலி படுத்தி எடுத்தது. இரவு ஷிஃப்ட், அரைகுறைத் தூக்கம், கோடாலித் தைலம், பனடால் (பாராசிட்டமால் மாத்திரை) என்று மாதங்கள் போயின. "புது மருந்துக்குச் சோதனை நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டதும் அங்கேயே கையெழுத்துப் போடப் பார்த்தேன். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்.

பயப்படச் சொல்லவில்லை. மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரியாமலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமலும் இங்கே எந்த மருந்துச் சோதனையும் தொடங்க முடியாது. ஆனால் ஒப்புதல் படிவம் நீளமானது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. தமிழ்ப் படிவம் உண்டா, தமிழில் விளக்க ஆள் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் அறைத் தோழரோடு உட்கார்ந்து, புரியாத வரிக்கெல்லாம் பென்சிலில் கோடு போட்டேன். மறுவாரம் நர்ஸ் அக்கா ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னார்.

'பிளாசிபோ' என்ற சொல்லுக்கு இரண்டு கோடு போட்டிருந்தேன். மருந்தே இல்லாத ஊசி அல்லது மாத்திரை அது. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவாகும். பெரும்பாலும் டாக்டருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் வெறும் ஊசி போட்டுக்கொண்டதாக ஆகலாம், அதற்கு மனம் ஒப்புமா? நடுவில் வலி வந்தால் வழக்கமான மாத்திரையைப் போடலாமா? இதற்குப் பதில் தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

மருந்துக்கு முன்பே சில வாரம் தலைவலிக் குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். எப்போது ஆரம்பித்தது, வாந்தி வந்ததா, வெளிச்சம் கண்ணைக் கூசியதா, எத்தனை மாத்திரை என்று அன்றன்றே எழுதுங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடால் போட்டு மூன்று மாதம் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும். சோதனையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று அதை மறைக்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், லேகியத்தையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பாஸ், அதாவது இங்கே வேலை செய்வதற்கான அனுமதி. அது எப்போது முடிகிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்களா என்பதை முதல் நாளே சொல்லுங்கள். குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

சோதனை மருந்துக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் பக்கவிளைவு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கம்பெனி கட்டாயம் எடுக்கும் இன்ஷூரன்ஸ், மருத்துவமனையில் தங்குவதற்கும் ஒருநாள் அறுவைக்கும்தான். படிவத்தில் இழப்பீட்டுப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

பிடிக்கவில்லையா, எந்த நாளும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சில ஊசி மருந்துகள் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால் பிறகும் ஒருமுறை வந்து காட்டச் சொல்வார்கள். சோதனையில் இருப்பதைக் காட்டும் அட்டை கொடுத்தால் பர்ஸில் பஸ், ரயிலுக்கான ஈஸிலிங்க் கார்டோடு வையுங்கள். காய்ச்சலுக்கு வேறு கிளினிக் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.