லித்தியம் அயனி மூலம்: பூச்சிலிருந்து கற்றை வரை

துகள் முடுக்கிக்கு அயனி தரும் கருவிகளில் மிக எளிமையான ஒன்று இது. லித்தியம் கலந்த பீங்கான் பூச்சை வெற்றிடத்தில் சூடாக்கினால் லித்தியம் அயனிகள் கிளம்பும்; பிளாஸ்மா, வாயுக் குழாய் எதுவும் தேவையில்லை. 1936இல் ப்ளூவெட், ஜோன்ஸ் இருவரும் ஆராய்ந்த வழிதான்.

முதலில் பொடி. இதற்குப் பெயர் பீட்டா யூக்ரிப்டைட். லித்தியம் கார்பனேட், அலுமினா, சிலிக்கா மூன்றையும் 74:102:120 என்ற எடை விகிதத்தில் கலந்து, பிளாட்டினம் கிண்ணத்தில் 1,400 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் உருக்குங்கள். மெதுவாகச் சூடேற்றுங்கள்; கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது கலவை பால் போலப் பொங்கி வழிந்துவிடும். ஆறியதும் மாவாக அரைத்து, நீரில் குழைத்து, டங்ஸ்டன் இழையில் மெல்லியதாகப் பூசி உலர்த்துங்கள். காற்றில் சுட வேண்டாம், டங்ஸ்டன் ஆக்சைடாகிவிடும்.

அப்புறம் வெற்றிடக் கலம். அழுத்தம் 10⁻⁶ டாருக்குக் (டார் என்பது வெற்றிட அழுத்தத்தின் அலகு) கீழே வந்தபின் ஹீட்டர் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வாயு வெளியேறி அழுத்தம் எகிறும். அது இறங்கும்வரை காத்திருங்கள். நாம் போக வேண்டியது 1,200 டிகிரிக்கு மேல். அதற்கு முன்பே அயனி மின்னோட்டம் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம் மாசு. அவை லித்தியத்தைவிட எளிதில் அயனியாகும்.

சரி, மின்னழுத்தம். மூலத்துக்கு +1,000 வோல்ட், 1 செ.மீ. தள்ளித் துளையிட்ட தரைத் தகடு, அதன் பின்னால் ஃபாரடே கப் (அயனிகளைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் உலோகக் கிண்ணம்). ஹீட்டர் சப்ளையும் அதே 1,000 வோல்ட்டில்தான் மிதக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து; தகுந்த காப்புள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். கப்புக்கு முன்னால் எதிர் மின்னழுத்தத்தில் ஒரு வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் அயனிகள் மோதித் தெறிக்கும் எலக்ட்ரான்கள் வெளியே ஓடி, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

இனி வருவதுதான் முக்கியமான சோதனை. வெப்பநிலையைத் தொடாமல், 250 வோல்ட்டிலிருந்து 1,000 வோல்ட்டுக்குப் போங்கள். அயனி மின்னோட்டம் ஏறத்தாழ எட்டு மடங்கானால் பூச்சு நன்றாகவே இருக்கிறது; மின்னோட்டத்தைத் தடுப்பது அயனிகளின் சொந்த மின்னூட்ட நெரிசல். கொஞ்சமும் ஏறாவிட்டால் பூச்சு போதிய அயனி தரவில்லை, சூட்டைக் கூட்டலாம். இதைப் பார்க்காமலேயே இழையை மேலும் மேலும் சூடாக்கிப் பூச்சை உருக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. 1,000 வோல்ட், 1 செ.மீ. இடைவெளியில் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.65 மில்லியாம்பியருக்கு மேல் எவ்வளவு சூடாக்கினாலும் வராது.

ஆயுளையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மில்லிகிராம் பூச்சிலுள்ள லித்தியம் முழுவதும் அயனியானாலும் 0.77 கூலும்தான், 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 21 மணி நேரம். கொஞ்சம் லித்தியம் வெறும் அணுவாகவே ஆவியாகிவிடுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். முதல் இழை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் பூசி உலர வையுங்கள்.