நேபாளக் கிராமப் பள்ளியில் தன்னார்வப் பணி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் குழந்தைகளுக்காகச் சில மாதங்கள் உழைக்க விரும்புவோர் பெரும்பாலும் எந்த நாடு, எந்த நிறுவனம், எவ்வளவு செலவு என்ற வரிசையில் தேடத் தொடங்குகிறார்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் போகும் இடத்தில் குழந்தைகள் இரவில் யாருடைய வீட்டில் உறங்குகிறார்கள்? இதற்கான விடையை வைத்தே மற்றவற்றை முடிவு செய்ய வேண்டும். இந்த விளக்கத்திற்கு நேபாளத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தியக் குடிமக்கள் அங்கே விசா இல்லாமல் செல்லலாம், தங்கும் செலவும் குறைவு. அதைவிட முக்கியமான காரணம், நல்லெண்ணத்துடன் வந்த வெளிநாட்டவரின் பணமும் வருகையும் குழந்தைகளுக்கு எப்படித் தீங்காக மாறின என்பதை அந்த நாடு தெளிவாகக் காட்டியிருக்கிறது.

முதல் படி: குழந்தைகள் இல்லத்தைத் தவிர்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் சென்றார்கள். பிள்ளைகளைக் காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடமிருந்து பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளை அழைத்துச் சென்றார்கள். அப்படிச் சென்றவர்களில் பலர் பெற்றோர் இறந்துவிட்டதாகக் காட்டும் போலி ஆவணங்களுடன் குழந்தைகள் இல்லங்களில் சேர்க்கப்பட்டார்கள். அனாதைகள் என்று நம்பி வந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கொடுத்த கட்டணமும் நன்கொடையும் அந்த இல்லங்களுக்கு வருமானமாயின. வருமானம் இருந்ததால் இல்லங்கள் பெருகின, அவற்றை நிரப்ப மேலும் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். நேபாள இல்லங்களில் உள்ள குழந்தைகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருப்பதாக யுனிசெஃப் கூறியிருக்கிறது. இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா அமைந்துள்ள காஸ்கி, சித்வன் ஆகிய சில மாவட்டங்களிலேயே குவிந்திருக்கின்றன. இவை சுற்றுலாப் பயணிகள் அதிகம் செல்லும் மாவட்டங்கள் என்பதைக் கவனித்தால், தேவை எங்கே இருந்தது என்று புரியும்.

2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டபோது இதே வணிகம் மீண்டும் தலைதூக்கும் என்று அஞ்சிய நேபாள அரசு, பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு அழைத்துச் செல்வதற்குத் தடை விதித்தது. புதிய இல்லங்களின் பதிவையும் நிறுத்தி வைத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை குறித்து நிறைவேற்றிய தீர்மானத்திலும் அனாதை இல்லத் தன்னார்வப் பணியினால் விளையும் தீங்கு சுட்டிக்காட்டப்பட்டது.

ஆகவே, முதன்முறை செல்பவருக்கு என் பரிந்துரை கறாரானது: குழந்தைகள் தங்கி வளரும் எந்த இல்லத்திற்கும் தன்னார்வலராகச் செல்லாதீர்கள். நல்ல முறையில் நடக்கும் இல்லங்களும் உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து வரும் ஒருவரால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாது. தவிரவும், ஏற்கெனவே குடும்பத்தைப் பிரிந்த குழந்தை, மாதத்திற்கு ஒருவராக வந்து அன்பு காட்டிவிட்டுப் போகும் அந்நியர்களால் மேலும் மேலும் பிரிவையே அனுபவிக்கிறது. மாலையில் குழந்தை தன் வீட்டிற்குத் திரும்பிச் செல்லும் இடங்களான அரசுச் சமுதாயப் பள்ளி, கிராம நூலகம், சிறார் கல்வி மையம் ஆகியவற்றுக்கு உதவும் தொண்டு நிறுவனத்தைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: நிறுவனத்தை விசாரித்தல்

நேபாளத்தில் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு பெறுகின்றன. வெளிநாட்டு நிதி பெறுபவை, தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சமூக நலக் கவுன்சிலுடன் இணைப்பும் பெற்றிருக்க வேண்டும். இந்த இரண்டு சான்றுகளின் நகலையும், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட ஆண்டையும், தணிக்கை அறிக்கையையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், ஒழுங்காக நடக்கும் நிறுவனம் இதற்கு வருத்தப்படாது.

காகிதங்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தன்னார்வலர் வேண்டும் என்று முதலில் கேட்டது யார் என்று விசாரியுங்கள். பள்ளித் தலைமையாசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழுவோ கேட்டிருந்தால், வேலை இன்னது என்று அவர்களால் சொல்ல முடியும். நிறுவனம் மட்டுமே முடிவு செய்திருந்தால் 'குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள், விளையாடுங்கள்' என்ற பொதுவான பதிலே வரும். அடுத்து, உங்களுக்கு முன் இருந்தவர் விட்டுச் சென்ற வேலை இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். முன்பு சென்று வந்த இருவருடனாவது பேசுங்கள். முடிந்தால் தலைமையாசிரியருடனும் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

நிறுவனம் உங்களை எப்படி விசாரிக்கிறது என்பதும் ஒரு சோதனைதான். எழுத்து வடிவிலான குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை அனுப்பிக் கையொப்பம் கேட்பது, காவல்துறைச் சான்று கேட்பது, உங்களை அறிந்த இருவரிடம் பேசுவது, நேர்காணல் நடத்துவது ஆகியவை நல்ல அறிகுறிகள். பணம் கட்டியதும் மறுநாளே வரலாம் என்று சொல்லும் இடத்திற்கு, உங்களைப் போலவே விசாரணை இன்றி வேறு யாரும் நுழைந்திருக்கலாம். அங்கே போகாதீர்கள்.

கட்டணம் கேட்பதே தவறு என்று நினைக்க வேண்டியதில்லை. உங்களுக்கு உணவும் படுக்கையும் தரும் குடும்பத்திற்கும், உங்களை ஒருங்கிணைக்கும் ஊழியருக்கும் செலவு இருக்கிறது. ஆனால், அந்தத் தொகையில் தங்கும் வீட்டிற்கு எவ்வளவு, அலுவலகத்திற்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நம்மிடம் உள்ள திறனை அளந்து பார்த்தல்

கிராமப் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால், நீங்கள் இருக்கும் வரை அவர்களுக்கு ஓய்வு, நீங்கள் போனபின் குழந்தைகளுக்கு ஒரு பயனும் இல்லை. ஆசிரியருக்குத் துணையாக நின்று, அவர் கையில் தங்கும்படியான ஒன்றைச் செய்வதே நல்லது. எளிய பொருட்களைக் கொண்டு அறிவியல் சோதனைகள் அமைப்பது, பூட்டிக் கிடக்கும் நூலகத்தைப் பட்டியலிட்டுத் திறப்பது, பழுதான கணினிகளைச் சரிசெய்து பராமரிக்கக் கற்றுக்கொடுப்பது, நிறுவனத்தின் கணக்குகளை ஒழுங்குபடுத்துவது போன்றவை அப்படிப்பட்ட வேலைகள். கணக்கெழுதத் தெரிந்த ஒருவர் குழந்தைகள் முகத்தையே பார்க்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை, பல சமயம் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைவிட அதிகம் உதவும்.

தமிழகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு உண்டு. நேபாள மலைப்பகுதிகளில் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளில் ஓர் ஆசிரியரே ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளைச் சேர்த்து நடத்த நேரிடுகிறது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து அவரவர் வேகத்தில் பயிலும் செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பல ஆண்டுகள் பழகியவருக்கு இது புதிய சிக்கல் அன்று. எதையும் தயாரிக்கும் முன், பக்தபூர் சானோடிமியில் உள்ள பாடத்திட்ட மேம்பாட்டு மையம் வெளியிடும் பாடநூல்களை இணையத்தில் இறக்கிப் பார்த்துவிடுங்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே நாம் கொண்டுபோகும் எதற்கும் வகுப்பில் நேரம் கிடைப்பது அரிது.

நான்காம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நேபாளத்தின் கல்வியாண்டு பைசாக் மாதத்தில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்பட்டுப் பேருந்துகள் நாள்கணக்கில் நின்றுபோகும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தசைன் பண்டிகையும், அதைத் தொடர்ந்து திகாரும் வருவதால் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. எனவே திகார் முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து பிப்ரவரி வரையிலான காலம் பாதை வசதிக்கு ஏற்றது. ஆனால் உயரமான ஊர்களில் குளிர்கால விடுமுறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்திற்குக் குறைவாக இருக்கத்தான் முடியும் என்றால், பயணத்தைத் தள்ளிவைத்து அந்தப் பணத்தைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது மேல் என்பது என் கருத்து.

பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் தேதி விக்ரம் நாட்காட்டிப்படி இருக்கும். அது நம் ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 57 ஆண்டுகள் முன்னே செல்வது. மாதம் பிறக்கும் நாளும் வேறு. பயணச்சீட்டு வாங்கும் முன் தேதியை மாற்றிச் சரிபார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஆவணம், உடல்நலம், பணம்

இந்தியக் குடிமக்கள் விமானத்தில் செல்ல பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தப் பயணத்தில் ஆதார் ஏற்கப்படுவதில்லை. மலேசியா, சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளின் குடிமக்களுக்குக் காத்மாண்டு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கிடைக்கும். இலங்கைக் குடிமக்களுக்கு ஓர் ஆண்டின் முதல் 30 நாட்களுக்கு அது கட்டணமின்றித் தரப்படுகிறது. இவ்விடத்தில் பலர் சறுக்குகிறார்கள். சுற்றுலா விசாவில் இருப்பவர், ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அனுமதியின்றி எந்த நிறுவனத்திலும் வேலை செய்யக் கூடாது என்பது நேபாளக் குடிவரவு விதி. 'எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், மற்ற விதிகளையும் அது அப்படியே நடத்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கான அனுமதியை எந்த வழியில் பெற்றுத் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவில் காவல்துறைச் சான்றை பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகப் பெறலாம். மருத்துவரிடம் டைஃபாய்டு, கல்லீரல் அழற்சி ஏ, வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளிக்குச் செல்வதானால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் உயர நோய் வரக்கூடும் என்பதால் படிப்படியாக ஏறுங்கள். ஹெலிகாப்டர் மீட்பையும் உள்ளடக்கிய காப்பீடு எடுங்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதம் 1993 முதல் நடைமுறையில் உள்ளது. பெரிய இந்திய நோட்டுகள் பற்றிய விதி பலமுறை மாறியிருப்பதால் நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுசெல்வது வம்பில்லாதது.

ஆறாம் படி: ஊரில் முதல் இரண்டு வாரம்

முதல் இரண்டு வாரம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். மலையில் பல ஊர்களில் குழந்தைகளின் தாய்மொழி தமாங், மகர் போன்றதாக இருக்கும். நேபாளியே அவர்களுக்கு இரண்டாம் மொழி, நீங்கள் பேசும் ஆங்கிலம் மூன்றாவது. மூத்தவர்களை ஆணானால் 'தாய்', பெண்ணானால் 'தீதி' என்று அழையுங்கள். முன்னதைக் கேட்டு முதல் நாள் நமக்குச் சிரிப்பு வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வார விடுமுறை. ஞாயிறன்று பள்ளி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணி வாக்கில் ஒருமுறை, இரவு ஒருமுறை என்று சோறும் பருப்பும் பரிமாறுவார்கள். எச்சில் விஷயத்தில் நம் வீட்டுப் பாட்டிகள் அளவுக்குக் கண்டிப்பானவர்கள் என்பதால் உங்கள் தட்டிலிருந்து எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பெண்கள் கூடுதலாக ஒன்றை முன்னரே கேட்டறிய வேண்டும். மேற்கு நேபாளத்தின் சில பகுதிகளில் மாதவிலக்கின்போது பெண்களை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கும் வழக்கம், சட்டப்படி குற்றமாக்கப்பட்ட பிறகும் முற்றிலும் மறையவில்லை. நீங்கள் தங்கும் வீட்டில் அந்த நாட்களில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதை நிறுவனத்தின் பெண் ஊழியரிடம் கேட்டு, ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் வேறு வீடு கேளுங்கள்.

ஏழாம் படி: குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் முறை

ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். இது குழந்தைக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. முகம் தெரியும் படத்தையோ, பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றையோ சமூக வலைத்தளங்களில் இடாதீர்கள். பரிசுப் பொருட்களைக் கையில் கொடுக்காமல் தலைமையாசிரியர் வழியாக எல்லோருக்கும் சேரும்படி கொடுங்கள். தனிப்பட்ட தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம்.

ஆசிரியர் ஒருவர் பிரம்பெடுப்பதை நீங்கள் காண நேரலாம். 2018ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் மூலம் வீடு, பள்ளி என எல்லா இடங்களிலும் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்த முதல் தெற்காசிய நாடு நேபாளம். ஆனாலும் வகுப்பின் நடுவே ஆசிரியரை எதிர்த்துப் பேசினால் அவர் நிலை தாழும், குழந்தைக்கு அடி குறையாது. தனியே தலைமையாசிரியரிடமும் நிறுவனத்தின் பொறுப்பாளரிடமும் சொல்லி, எழுத்திலும் பதிவு செய்யுங்கள். கடுமையான துன்புறுத்தல் என்று சந்தேகித்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம். இந்தியாவில் நாம் அறிந்த அதே எண் அங்கும் பயன்படுகிறது.

எட்டாம் படி: விடைபெறுதல்

கிளம்பும் நாளைக் குழந்தைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள். 'மறுபடி வருவேன்' என்று உறுதியில்லாமல் சொல்லாதீர்கள். கடைசி வாரத்தை வகுப்பெடுக்கப் பயன்படுத்தாமல், செய்த வேலையை ஆசிரியரிடம் ஒப்படைக்கவும், அவர் அதைத் தனியே செய்வதைப் பார்க்கவும் ஒதுக்குங்கள். குறிப்புகளை நேபாளி தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் பள்ளியில் ஒரு படி, நிறுவனத்தில் ஒரு படி வையுங்கள்.

ஏதாவது ஒரு பெற்றோர் உங்களிடம் வந்து, தம் பிள்ளையை நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்த்துவிடும்படி கேட்பது பெரும்பாலும் நடக்கும். பிள்ளை கெட்டிக்காரியாக இருந்தால் உங்களுக்கும் ஆசை வரும். ஹும்லாவிலிருந்து போன குழந்தைகளின் பெற்றோரும் இதே நம்பிக்கையில்தான் அனுப்பினார்கள் என்பதால், அழைத்துச் செல்லவும் வேண்டாம், யாரிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம். அந்தக் குடும்பத்தைப் பள்ளித் தலைமையாசிரியருடன் வார்டு அலுவலகத்திற்கு அனுப்பி, ஊரிலேயே படிக்க உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கச் செய்யுங்கள். நீங்கள் பணம் தர விரும்பினால், ஒரு பிள்ளையின் பெயருக்குத் தராமல் பள்ளியின் உதவித்தொகை நிதிக்குத் தந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.