கேர் பிளான் எழுதி முடித்தபின் தியரி தேடாதீர்கள்

கேஸ் ஸ்டடி எழுதும் நர்சிங் மாணவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது. நோயாளியைப் பார்த்து, குறிப்பெடுத்து, கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) முழுவதையும் எழுதிவிடுவார்கள். கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரிதான் "எந்தத் தியரி போடலாம்?" என்ற கேள்வி வரும். நர்சிங் கோட்பாடு வகுத்த ஓரெம் பெயரிலோ ராய் பெயரிலோ ஒரு படம் வரைந்து முன்னால் சேர்த்துவிடுவார்கள். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. நோயாளியிடம் எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது என்று காட்டுவதுதான் கோட்பாட்டின் வேலை. பார்த்து முடித்தபின் அது வந்து என்ன செய்யும்?

டோரதியா ஓரெமையே எடுத்துக்கொள்வோம். மனிதர் தன்னைத் தானே பராமரித்துக்கொள்பவர். தேவை அவருடைய திறனைத் தாண்டும்போது அந்த இடைவெளியில் செவிலியர் வருகிறார் என்பது ஓரெம் சொல்வதன் சாரம். முழுவதையும் நாம் செய்வது, பாதியை நாம் செய்வது, சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று நிலைகள். இந்த மூன்றையும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுகிறவர்களே வார்டில் தடுமாறுகிறார்கள்.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். முதல் நாள் அரை நினைவில் கிடந்தபோது எல்லாமே நம் பொறுப்பு. நான்காம் நாள் நன்றாக விழித்திருக்கிறார், விழுங்குவதில் ஆபத்தில்லை என்று சோதித்தாகிவிட்டது, இடது கை நன்றாக வேலை செய்கிறது. அப்போதும் இட்லியைப் பிசைந்து ஊட்டிவிட்டால் பார்ப்பதற்கு அது அன்பு. ஓரெம் வழியில் பார்த்தால், மிச்சமிருக்கும் திறனையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது. கேர் பிளானில் "பாதி உதவி" என்று எழுதிவிட்டு முழுவதையும் நாமே செய்தால் எழுதியதற்கு அர்த்தமில்லை. உடனிருக்கும் மருமகளுக்கும் இதை விளக்க வேண்டும். இல்லையென்றால் நாம் நகர்ந்ததும் அவர் ஊட்டத் தொடங்கிவிடுவார்.

சரி, தட்டை அவர் முன் வைத்தாயிற்று. அவர் தொடவில்லை. "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவது அடுத்த தவறு. இடது கையால் சாப்பிடுவது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். இங்கேதான் பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பைக் கோட்பாடாக்கிய மேடலின் லைனிங்கர் உதவுகிறார்: நோயாளியின் பண்பாட்டு வழக்கத்தை அப்படியே காக்கலாம், பேசி இணக்கம் காணலாம், தேவையானால் அவரோடு சேர்ந்து மாற்றியமைக்கலாம். ஒரு ஸ்பூனும், பார்வையாளர் இல்லாத நேரமும் போதுமாக இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்காமலே "இவர்கள் இப்படித்தான்" என்று முடிவு கட்டினால் அது லைனிங்கர் இல்லை, வெறும் முன்முடிவு.

இன்னொரு நர்சிங் கோட்பாட்டாளரான வர்ஜீனியா ஹெண்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகளை வரிசையாக டிக் அடிப்பதும், அதை உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலை போன்ற இன்னொரு பட்டியலாக நினைப்பதும் பரவலாக இருக்கிறது. வலிமையும் மனமும் அறிவும் இருந்தால் அந்த மனிதர் தானே செய்துகொள்வார் என்பது ஹெண்டர்சனின் அடித்தளம். நம் பெரியவரிடம் இந்த மூன்றில் எது குறைகிறது? வலிமை குறைந்தால் கைகொடுக்க வேண்டும். மனம் உடைந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். டிக் அடித்த தாளில் இந்த வித்தியாசம் தெரியாது.

நைட்டிங்கேலை விளக்கேந்திய படத்தோடு நிறுத்திவிடுகிறோம். காற்று, வெளிச்சம், சுத்தம், சத்தம் பற்றி 1859-இல் அவர் எழுதியதை இரவு வார்டில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தாலே இன்றைக்கும் பொருந்துவது புரியும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன் எழுதியவர் அவர். ஜன்னலைத் திறப்பது பொதுவார்டுக்கு நல்லது. காற்றழுத்தம் குறைத்து வைத்திருக்கும் தனிமை அறையில் கதவும் ஜன்னலும் மூடித்தான் இருக்க வேண்டும்.

வேலைக்கு வந்தவர்கள் பெனரின் கோட்பாட்டைச் சர்வீஸ் வருடங்களின் கணக்கு என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செவிலியர் புதியவரிலிருந்து வல்லுநராக வளர்வதாகப் பாட்ரீசியா பெனர் 1984-இல் சொன்ன ஐந்து படிகள் சர்வீஸ் புத்தகத்தில் ஏறுபவை அல்ல. ஐசியுவில் தேர்ந்த ஒரு சிஸ்டர் பச்சிளங்குழந்தை வார்டுக்கு மாற்றப்பட்டால், அங்கே அவர் மறுபடியும் புதியவர்தான். "பத்து வருஷ ஆள்" என்று முதல் நாளே அவரைத் தனியாக நைட் டூட்டியில் விடுவது அவருக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து.

அடுத்த கேஸுக்குப் போகும்போது ஒரே ஒரு கோட்பாட்டைத் தேர்ந்து, அது எழுப்பும் கேள்விகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓரெம் என்றால்: இன்று இவரால் தானாக என்ன முடிகிறது? நேற்று முடியாதது எது? வீட்டுக்குப் போனபின் யார் கூட இருப்பார்கள்? இவற்றைக் கேட்டு முடித்தபிறகு கேர் பிளானைத் தொடங்குங்கள்.