போலந்துக் கிராமத்துக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி? ஸாலிப்பியேயை வைத்து ஒரு செய்முறை

தெற்குப் போலந்தில் வீட்டுச் சுவர், கிணறு, நாய்க்கூண்டு என்று கண்ட இடத்திலெல்லாம் பூ வரைந்து வைத்திருக்கும் ஊர் ஸாலிப்பியே. விசா, விமானம் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். கிராக்கோ நகரில் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். போலந்தின் மற்ற கிராமங்களுக்கும் இதே முறை ஒத்துவரும்.

படி 1: ஊர்ப் பெயரோடு அதன் ‘க்மீனா’வையும் குறித்துக்கொள்ளுங்கள். க்மீனா என்பது அங்கே உள்ளாட்சியின் கடைசி அடுக்கு. அதற்கு மேலே போவியாத் (நம் மாவட்டம் மாதிரி), அதற்கும் மேலே மாகாணம்; மாகாணங்கள் மொத்தம் 16. ஸாலிப்பியே இருப்பது ஒலெஸ்னோ க்மீனாவில். ஸ்வர்ஸூஃப், பொட்போஜே என்று இன்னும் சில கிராமங்களும் அதில் உண்டு.

படி 2: எந்த ஒலெஸ்னோ என்று உறுதி செய்யுங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். ஒப்போலே மாகாணத்திலும் ஓர் ஒலெஸ்னோ இருக்கிறது. அது நகரம், பெரியது, அதனால் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். ரயில் தேடலில் ‘ஒலெஸ்னோ ஷ்லோன்ஸ்கியே’ என்று நிலையம் வந்தால் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே இருக்கும் ஊர்.

பிரித்தறிய நான் நம்புவது ‘தெரித்’ எண்ணைத்தான். போலந்துப் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு க்மீனாவுக்கும் 7 இலக்க எண் கொடுத்திருக்கிறது. முதல் இரண்டு மாகாணம், அடுத்த இரண்டு போவியாத், அடுத்த இரண்டு க்மீனா, கடைசி இலக்கம் அதன் வகை. கடைசியில் 2 இருந்தால் முழுக்கக் கிராமப்புறம்; 3 இருந்தால் நகரமும் கிராமங்களும் கலந்தது. நமக்கு வேண்டிய எண் 12 என்று தொடங்கி 2 என்று முடியும். மற்றது 16-இல் தொடங்கி 3-இல் முடியும். எண் கைக்குக் கிடைக்காவிட்டால் க்மீனாவின் இணையதளத்தில் தலைவரின் பதவியைப் பாருங்கள்: கிராமப்புற க்மீனா என்றால் ‘வூயித்’, நகரம் இருந்தால் ‘புர்மிஸ்த்ஷ்’.

படி 3: பயணம். கிராக்கோவிலிருந்து தர்னுஃப் வரை ரயில், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து டொம்ப்ரோவா தர்னோவ்ஸ்காவுக்கு பஸ், அப்புறம் ஸாலிப்பியே. ஓட்டுநரிடம் கொடுக்கச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டி எழுத்தை விட்டுவிடக் கூடாது. ‘டி’ என்றால் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, விடுமுறை நாள் தவிர. ‘எஸ்’ என்றால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு ‘எஸ்’ வண்டி இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டைக் கண்டுபிடிப்பது. இங்கே தெருப்பெயர் கிடையாது, ஊர்ப் பெயரும் வீட்டு எண்ணும்தான் முகவரி. சின்னக் கிராமங்களில் எண்கள் வரிசையாக இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். வீடுகள் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அரசின் ‘கேயோபோர்ட்டல்’ வரைபடத்தில் வீட்டு எண்ணும் க்மீனா எல்லையும் சேர்ந்தே தெரியும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இந்த வேலைக்கு எனக்கு அதுதான். முதலில் ஃபெலிட்சியா சுரிவோவாவின் (1904–1974) வீட்டுக்குப் போங்கள். இந்த ஓவியங்களை வெளியுலகுக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. இப்போது அது அருங்காட்சியகம். புகைபோக்கி இல்லாத குடிசைகளில் கரி படிந்த சுவரைச் சுண்ணாம்பால் மறைக்கத் தொடங்கி, அதுவே பூக்களாக வளர்ந்த கதை அங்கே போனால் புரியும்.

பின்சேர்க்கை: எப்போது போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டு ஓவியப் போட்டி 1948-இல் தொடங்கியது; கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாளை ஒட்டி, மே கடைசி அல்லது ஜூனில் நடக்கும். அதற்குப் பிறகு போனால் வண்ணம் புதிதாக இருக்கும். அருங்காட்சியகம் தவிர மற்ற வீடுகளில் பெரும்பாலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலிக்குள் நுழையும் முன் கேட்டுவிடுங்கள். ஊரில் இறங்கியவுடன் நிறுத்தத்தில் இருக்கும் திரும்பும் வண்டி அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் குட்டி எழுத்துகளோடு சேர்த்து.